பறவைக்குக் கடம்ப மரம். குடிசைக்குப் பட்டா எங்கே?

வேடந்தாங்கல் பக்கம் அரசு வீடு படும் பாடு!

செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் வேடந்தாங்கல். மழை விழுந்து ஏரி நிறைந்தால் போதும். நாரையும் கூழைக்கடாவும் எங்கிருந்தோ வந்து இறங்கி, கடம்ப மரத்தில் கூடு கட்டிவிடும். யாரிடமும் மனு கொடுப்பதில்லை!

பறவை மிரண்டுவிடுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. 1798-லேயே கலெக்டர் பிளேஸ் துரையிடம், ஏரிப் பறவையை யாரும் சுடக்கூடாது என்று கௌல் வாங்கிவிட்டார்கள். பறவைக்கு அன்றைக்கே பத்திரம் ஆகிவிட்டது.

மனுசன் கதைதான் இழுபறி.

குடிசைக்காரனுக்கு அரசு வீடு தரவில்லை என்று சொன்னால் அது பொய். 1974-ல் தாட்கோ நிறுவனம் பிறந்ததே, ஆதிதிராவிட மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தரத்தான். கீற்றுக் கொட்டகையில் ஒரு பொறி விழுந்தால் தெருவே சாம்பலாகும் காலம் அது. அதற்குப் பிறகும் ஆட்சிக்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு ஒரு பெயர்.

கொத்தனார் கணக்கு

2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 200 சதுர அடி வீடு. மானியம் 75 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் உள்ள 21 லட்சம் குடிசைகளையும் ஆறு வருடத்தில் காங்கிரீட் ஆக்குவதாகப் பேச்சு.

மறு வருடமே ஆட்சி மாறியது. திட்டமும் மாறியது. 2011-ல் சூரிய ஒளி பசுமை வீடு. 300 சதுர அடி. 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு 60 ஆயிரம் வீடு. கூரை மேலே சோலார் விளக்கு வேறு!

2024 பட்ஜெட்டில் வந்தது கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி. அதில் 300 அடிக்குக் காங்கிரீட் தளம் போட்டாக வேண்டும். தொகை 3 லட்சத்து 50 ஆயிரம். 2030-க்குள் 8 லட்சம் வீடு, முதல் வருடம் 1 லட்சம் வீடு, அதற்கு 3,500 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. 2025 பட்ஜெட்டில் இன்னொரு லட்சம் வீடு.

வகுத்துப் பாருங்கள். 2010-ல் சதுர அடிக்கு 375 ரூபாய். 2011-ல் 600. 2024-ல் 972. ஏறித்தான் இருக்கிறது. ஆனால் செங்கல், மணல், கூலி சும்மா இருக்குமா? இன்றைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு, "மூணரை சதுரம் வீடு, அடிக்கு ஆயிரம் ரூபா தர்றோம்" என்றால், கரணையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மீதிக்கு மனைவி கம்மல் அடகுக் கடைக்குப் போகும்.

பிரதமர் பெயரில் உள்ள கிராம வீட்டுத் திட்டத்திலும் இதே கதை. அடிப்படைத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம். இதில் டில்லி தருவது 72 ஆயிரம், மீதி மாநிலம். அந்தப் பணத்தில் தளம் போட முடியாது என்று தெரிந்துதான், கூரைக்கென்று தமிழக அரசு தனியாகவும் பணம் சேர்த்தது.

"ஏரிப் புறம்போக்காச்சே!"

பணம்கூடப் பிறகு. முதலில் கேட்பது பட்டா. சொந்த மனை இருந்தால்தான் கனவு இல்லம். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு இல்லை.

ஊருக்கு ஊர் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"சார், எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் கீறோம். ரேஷன் கார்டு இருக்குது, ஓட்டு இருக்குது, கரண்ட் பில்லும் கட்டறோம்."

"இருக்கீங்க, இல்லேன்னு யாருப்பா சொன்னா? கணக்குல ஏரிப் புறம்போக்குன்னு இருக்குதே, நான் என்ன பண்ண?"

கிராம அலுவலரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே இருக்கிறது. அதுவும் நியாயம்தான். செங்கல்பட்டு சீமை ஏரிகளின் சீமை. ஏரியைத் தூர்த்தால் வயலும் போச்சு, வேடந்தாங்கலுக்கு வரும் பறவையும் போச்சு.

2025 பிப்ரவரியில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. சென்னையைச் சுற்றிய பெல்ட் ஏரியாவிலும் மற்ற நகரப் பகுதிகளிலும் நெடுங்காலம் குடியிருக்கும் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா. நல்ல முடிவு. ஆனால் அது நகரத்தை ஒட்டியவர்களுக்கு. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக் குடிசைக்கு அந்த மழை எட்டாது.

மாற்று மனை தரலாமே? தரலாம். ஆனால் ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் நெல் விளைந்த இடத்திலெல்லாம் கலர் கல் நட்டு மனை விற்கிறார்கள். வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர். 2020-ல் அதை 3 கிலோ மீட்டராகக் குறைக்க யோசனை கிளம்பியபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆகவே, ஏரிக்குப் பக்கத்தில் மனை தேட வழியில்லை. ரோட்டுப் பக்கம் போனால் விலை சுடுகிறது.

நமக்குத் தோன்றுவது இதுதான்: வீட்டுத் தொகையை ஏற்றிக்கொண்டே போவதைவிட, ஒன்றியத்துக்கு நாலு இடத்தில் மேட்டு நிலம் வாங்கி இரண்டு இரண்டு சென்டாகப் பிரித்துக் கொடுத்தால், பாதி மனு தீர்ந்துவிடும். மனை இல்லாதவனுக்கு மூன்றரை லட்சம் அறிவித்து என்ன பிரயோசனம்?

பழைய லிஸ்ட் உயிரோடு!

ஒரு விசேஷம். 2010-ல் வீடு வீடாகக் குடிசை எண்ணினார்களே, அந்தக் கணக்கு குப்பைக்குப் போகவில்லை. அதையே மறுபடி சரிபார்த்துத்தான் கனவு இல்லத்துக்கு ஆள் எடுத்தார்கள். 14 வருடத்துக்கு முன் பெயர் கொடுத்தவர், தம் பெயர் அதில் இருக்கிறதா, மகன் தனிக்குடித்தனம் போனதால் அடிபட்டுவிட்டதா என்று பார்ப்பது நல்லது.

லிஸ்ட்டைப் பார்க்க யார் தயவும் வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், வீட்டு லிஸ்ட்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் இல்லை என்றால் அங்கேயே எழுதிக் கொடுத்து, தீர்மான நோட்டில் ஏறிய பிறகு எழுந்து வாருங்கள்.