கவிழக் கற்றுத் தராத வகுப்புக்குக் கட்டணம் எதற்கு?

கோவளம், முட்டுக்காடு, பிச்சாவரம் என்று கயாக் ஓட்டப் போகிறவர்களில் சிலர் இப்போது ஒரு மணி நேரச் சவாரியோடு நின்றுவிடுவதில்லை. துடுப்புப் போடுவதை முறையாகக் கற்றுக்கொள்ள சனி, ஞாயிறு வகுப்புகளைத் தேடுகிறார்கள். நல்ல ஆர்வம்தான். ஆனால் பணம் கட்டுமுன் நடத்துகிறவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: “படகை எப்போது கவிழ்ப்பீங்க?”

“எங்ககிட்ட படகு கவிழாது சார்” என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

ஒழுங்கான பயிற்சியில் முதல் நாளே, இடுப்பளவு அல்லது மார்பளவுத் தண்ணீரில், ஒவ்வொருவரும் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தலைகீழாகிவிட்ட படகிலிருந்து பதறாமல் வெளியே வருவது, படகையும் துடுப்பையும் கைவிடாமல் பிடித்துக்கொள்வது, பக்கத்துப் படகுக்காரர் தண்ணீரை வடித்துப் படகை நிமிர்த்தித் தரும்போது மறுபடி ஏறி உட்காருவது எல்லாம் அப்போதே பழக வேண்டியவை. துடுப்பு வீச்சு அதற்குப் பிறகுதான். அந்த வீச்சும் அழகுக்காக அல்ல. புதிதாக வருகிறவர் கையால் மட்டுமே இழுப்பார், சீக்கிரமே தோள் கழன்றுவிடும். இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி, முதுகுத் தசையின் பலத்தில் இழுக்கப் பழகியவருக்கு எதிர்காற்றில் கரை திரும்பத் தெம்பு மிச்சமிருக்கும்.

காற்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடா சாட்சி. 1993 மார்ச் 22 அன்று பிளிமத் நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 8 பேர், ஓர் ஆசிரியர், 2 பயிற்றுநர்கள் லைம் ரீஜிஸிலிருந்து பக்கத்து ஊரான சார்மத்துக்குக் கயாக்கில் கிளம்பினார்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. அப்படி வீசும்போது கரையோரத் தண்ணீர் சலனமில்லாமல் தெரியும். உள்ளே போகப் போகத்தான் அலை எழும், படகு தானாகவே வெளியே தள்ளப்படும். உதவி கேட்க அவர்களிடம் ஒளிக்குண்டு இல்லை. கடலோரக் காவலுக்குத் தகவல் போனதும் தாமதமாகத்தான். மாணவர்களில் 4 பேர் இறந்தார்கள். பயிற்றுநர்கள் இருவருமே அடிப்படைச் சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள். பயணத்தை நடத்திய சாகசப் பயிற்சி மையத்தில் முன்பு வேலை பார்த்த இருவர், இங்கே பாதுகாப்புப் போதாது என்று நிர்வாகத்துக்குக் கடிதமே எழுதியிருந்தார்கள்.

1994-இல் மையத்தின் நிர்வாக இயக்குநருக்கு 3 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் அது 2 ஆண்டாகக் குறைந்தது. மையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 60,000 பவுண்டு அபராதம். மரணத்துக்காக ஒரு நிறுவனமே குற்றவாளி என்று இங்கிலாந்தில் தீர்ப்பானது அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டே, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சாகசப் பயிற்சி தரும் மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது.

வயது வந்தவர்கள்? அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில், வெள்ளம் ஓடிய ஆற்றில், நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகைகளில் ஒரு குழு போனது. வழியில் ஒரு தடுப்பணை. அதில் சிக்கி, உடன்சென்ற பயிற்றுநர் ஒருவர் உட்பட 4 பேர் இறந்தார்கள். தடுப்பணையின் அடியில் தண்ணீர் சுழன்று சுழன்று பின்னோக்கி இழுக்கும், விழுந்தவரை எளிதில் விடாது. பலகையைக் கணுக்காலில் கட்டியிருந்தால், அந்தச் சுழலில் குனிந்து அவிழ்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஓடும் தண்ணீரில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புக் கயிறுதான் வேண்டும். நடத்திய நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025 ஏப்ரலில் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

காற்றைப் பொறுத்தவரை நம் கிழக்குக் கரையிலும் லைம் விரிகுடாவின் கணக்குதான். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று வீசும் நாளில் கடல் குளம் போலத் தெரியலாம், புதியவர் இறங்க ஏற்ற நாள் அது அல்ல. முகத்துவாரத்துக்கு அருகே தண்ணீர் வற்றும் நேரமும் அப்படித்தான், கழிமுகத்துத் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். “இன்னைக்குக் காற்று எந்தப் பக்கம்?” என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லத் தெரியாதவர் பயிற்றுநரே அல்ல, சான்றிதழ் எத்தனை இருந்தாலும்.

சான்றிதழையும் கேட்கத்தான் வேண்டும். மத்தியச் சுற்றுலாத் துறையின் கீழ் கோவாவில் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் பயிற்சியும் சான்றும் தருகிறது. சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்களைப் பதிவு செய்யும் முறை தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் உண்டு. பதிவு எண்ணைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டில் ‘50’ என்று நியூட்டன் அளவு போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு மட்டும். நீச்சல் தெரியாதவர் குறைந்தது ‘100’ கேட்டு வாங்க வேண்டும். வாரை எல்லாம் இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். முகவாய் வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

கரையில் இன்னொரு சடங்கும் நடக்கும். ‘என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பல்ல என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கினால் அது செல்லாது. இந்தியச் சட்டத்தில் இவ்வளவு பச்சையாக ஒரு வரி இல்லை. படகு கவிழும், உடம்பு நனையும் என்ற இயல்பான ஆபத்தை ஏற்றதாக அந்தத் தாளைக் கொள்ளலாம். கிழிந்த லைஃப் ஜாக்கெட்டையும் தகுதியில்லாத பயிற்றுநரையும் ஏற்றதாக அது ஆகிவிடாது. 18 வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமாகவே செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. எந்தத் தாளும் அந்த வழக்கைத் தடுக்காது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விபத்துக் காப்பீடு சாகச விளையாட்டை விலக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பல பாலிசிகளில் அப்படி ஒரு வரி இருக்கும்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் முதலில் 112 அல்லது 108. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நகல் வாங்க வேண்டும், சுருக்கமாக ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். காவல் நிலையத்தில் புகாரோடு சி.எஸ்.ஆர். ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், படகு மற்றும் லைஃப் ஜாக்கெட்டின் படங்கள் எதையும் அழிக்கக் கூடாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பில்லாமல் பயிற்சி தருவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. காயம் பட்டால்தான் என்றில்லை, வாக்களித்த பயிற்சியைத் தராமல் ஏமாற்றினாலும் கேட்கலாம். முதலில் 1915 உதவி எண், அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். அதற்குக் கெடு 2 ஆண்டு.