கடை கட்டுமுன் மின்பட்டியலையும் கணக்கிடுங்கள்

புதிதாகக் கடையோ களஞ்சியமோ கட்டும் வியாபாரி முதலில் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு முடியும் என்பதைத்தான். கட்டி முடித்த பின் மாதாமாதம் எவ்வளவு முடியும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நிர்மாணச் செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும். மின்கட்டணமோ கட்டடம் நிற்கும் காலமெல்லாம் தொடரும்.

நமது நாட்டில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. கட்டணத்தைத் தீர்மானிப்பது நமது கையில் இல்லை. ஆனால் பாவிக்கும் அலகுகளைக் குறைப்பது நமது கையில் உள்ளது. சூழலுக்கு உகந்த கட்டட வடிவமைப்பால் வியாபாரிக்குக் கிடைக்கும் முதல் இலாபம் இதுவே.

இது புதுக் கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும் என எண்ண வேண்டாம். சீதுவையில் சுமார் 30 வருடப் பழைமையான ஆடைத் தொழிற்சாலையொன்றை பிரண்டிக்ஸ் நிறுவனம் திருத்தியமைத்தது. இயற்கை வெளிச்சமும் மழைநீரும் அங்கு பயன்படுத்தப்பட்டன. மின்பாவனையும் நீர்ப்பாவனையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2008இல் பசுமைக் கட்டடங்களுக்கான 'லீட்' பிளாட்டினம் சான்றிதழும் அதற்குக் கிடைத்தது.

சிறு கடைக்காரர் செய்யக்கூடியவை என்ன? பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள நமது நாட்டில் கடும் வெயிலை வாங்குபவை கூரையும் கிழக்கு, மேற்குச் சுவர்களுமே. மேற்குப் பார்த்த கடைக்கு முழுக் கண்ணாடி முகப்பு வைத்தால், பின்னேர வெயில் உள்ளே வரும். அதை வெளியேற்ற ஏசி ஓடும். முகப்புக்கு மேல் நீண்ட தாழ்வாரம், கூரைக்கு வெள்ளை நிறப் பூச்சு, கூரைக்குக் கீழ் வெப்பத்தடுப்புத் தகடு, சூடான காற்று வெளியேற உயரத்தில் துவாரங்கள் ஆகியன பெரும் செலவானவை அல்ல. புடவைக் கடை, நகைக் கடைகளில் சூடேறும் பழைய மின்குமிழ்களுக்கு இரட்டைச் செலவு. எரிப்பதற்கு ஒரு கட்டணம், அவை கக்கும் சூட்டைத் தணிக்க இன்னொரு கட்டணம். எல்இடி விளக்குகள் இரண்டையும் குறைக்கும்.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது சுமார் 900 லீற்றர் நீர். பீலியும் தாங்கியும் இருந்தால் மலசலகூடத்துக்கும் தரை கழுவுவதற்கும் அதுவே போதும்.

சூரியப் படலங்கள் இலாபகரமானவைதான். எனினும் முதலில் வீண்செலவை அடைத்துவிட்டு, பிறகு அவற்றைப் பொருத்துவதே புத்திசாலித்தனம். தேவை குறைந்தால் வாங்க வேண்டிய படலங்களும் குறையும், போடும் முதலும் குறையும்.

வுழூச் செய்யும் நீரைக்கூட விரயமாக்கலாகாது என்று கற்றவர்கள் நாம். அந்தப் பேணுதல் நமது கடைகளின் கூரையிலும் சுவரிலும் தெரியட்டும். அடுத்த முறை மேசன் பாஸிடம் மதிப்பீடு கேட்கும்போது, கடந்த வருட மின்பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.