ரெப்பில் சுற்றினாலும் சொசேஜ் சொசேஜ்தான்

பொத்துவிலிலிருந்து கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று தாண்டிக் கல்முனை வரை ஏ4 வீதியில் மாலை நேரம் வந்தால், கொத்து ரொட்டி அடிக்கும் சத்தத்தோடு சொசேஜ் பொரியும் வாசனையும் வரும். அறுகம்பையில் அலைச்சறுக்க வருகிறவர்கள் கேட்கும் ஹொட்டோக் ரெப் இப்போது நமது பிள்ளைகளும் கேட்கும் பண்டம். பன்னைவிட மெல்லியது, கொத்தைவிட எண்ணெய் குறைவு, ஆகவே உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். அந்த நம்பிக்கை சரிதானா என்று உள்ளே பிரித்துப் பார்ப்போம்.

சூடான தகட்டில் சொசேஜைப் போட்டுக் கத்தியால் குறுக்கே கீறுகிறார்கள். கீறிய இடம் விரிந்து, ஓரம் கருகுகிறது. ஆனால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் மாறுவதில்லை. வீட்டில் கோழி இறைச்சியை அவித்தால் வெளுத்துப் போகிறதே, இது மட்டும் ஏன் வெளுக்கவில்லை? காரணம் சோடியம் நைத்திரைற்று. பொதியின் பின்பக்கத்தில் 250 என்ற இலக்கத்தில் இருக்கும். இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்து வைப்பதும், பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுத்தன்மையை உண்டாக்கும் பக்டீரியாவை வளரவிடாமல் தடுப்பதும் அதுதான். இந்த இரண்டாவது வேலைக்காக அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே நைத்திரைற்று, வயிற்றிலும் கடும் சூட்டிலும் புரதச் சிதைவுப் பொருட்களோடு சேர்ந்து நைத்திரோசமின்கள் என்ற சேர்மங்களாக மாறக்கூடியது. அவற்றில் பல புற்றுநோயைத் தூண்டுபவை.

2015 ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, பதப்படுத்திய இறைச்சியை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் முதலாம் தொகுதியில் சேர்த்தது. புகையிலையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. இதைக் கேட்டுச் சிலர் சொசேஜும் சிகரெட்டும் ஒன்று என்று பேசுகிறார்கள்; அது தவறு. சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே அந்தத் தொகுதி காட்டுகிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு சொசேஜ், தினமும் சாப்பிடுகிறவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது. வாழ்நாளில் நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஆறாகிறது. "தினமும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போதாவது ஒருநாள் தின்றவர் பயந்துபோகத் தேவையில்லை. கோழிச் சொசேஜ் என்றால் பிரச்சினையே இல்லை என்பதும் சரியல்ல. பதப்படுத்திய இறைச்சி என்ற வரைவிலக்கணத்துக்குள் கோழியும் வருகிறது.

எனக்குப் புற்றுநோயைவிட அதிகக் கவலை உப்பில்தான். அதன் விளைவு நமது வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது; பிரஷருக்குக் குளிசை போடாத முதியவர் உள்ள வீடு எத்தனை? ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2000 மில்லிகிராம் சோடியம், போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இரண்டு சொசேஜில் மட்டும் சுமார் 800 மில்லிகிராம். ரெப் தாளில் 400 அளவில் இருக்கும். தக்காளி சோஸ் ஒரு மேசைக்கரண்டி 150, மயோனைஸ் 90. சீஸ் துண்டொன்றும் வைத்தால் 1500ஐத் தாண்டிவிடும். அன்று சாப்பிடும் சோறும் கறியும் கருவாடும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. மெல்லியதாகத் தெரியும் ரெப் தாளும் வெள்ளைக் கோதுமை மாதான். நார்ச்சத்துக்கு உள்ளே கிடக்கும் நாலு கோவாத் துண்டை நம்ப வேண்டியிருக்கிறது.

நம் மக்கள் சொசேஜ் பொதியை எடுத்ததும் ஹலால் இலச்சினையைத் தேடுவார்கள். தேடத்தான் வேண்டும். அதோடு நின்றுவிடாமல் பொதியைத் திருப்பி, இறைச்சி எத்தனை சதவீதம், மாப்பொருளும் சோயாவும் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்றும் வாசியுங்கள். 2016 ஆகஸ்டில் இனிப்பு மென்பானங்களுக்கு இலங்கையில் கொண்டுவந்த சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி பிறகு திண்ம உணவுகளுக்கும் விரிந்தது. உப்புக்குச் சிவப்பு நிறம் கண்டால் அந்தப் பொதியை அடிக்கடி வாங்காதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இன்னொரு எச்சரிக்கை. சொசேஜின் உருளை வடிவமும் வழுவழுப்பும் குழந்தையின் தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளக்கூடியவை. வட்ட வட்டமாக வெட்டினாலும் அதே ஆபத்துத்தான். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுப்பதானால் நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும்.

இவ்வளவையும் கடற்கரையில் வாழும் நமக்கு எழுத வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். 100 கிராம் சூரை மீனில் 22 கிராம் புரதம் இருக்கிறது. இயல்பாக உள்ள சோடியம் 40 மில்லிகிராமைக்கூட எட்டாது. அதே எடைச் சொசேஜில் புரதம் 12 கிராம் அளவில்தான். குரக்கன் ரொட்டியிலோ ஆட்டா மா ரொட்டியிலோ, மிளகும் தேசிப்புளியும் போட்டுப் பிரட்டிய சூரையை வைத்து, வெங்காயமும் கரட்டும் சேர்த்துச் சுற்றினால் அதுவும் ரெப்தான். மீன் மட்டும் ஐஸில் இருந்ததாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், சமைத்தாலும் அது அழியாது.

ஹொட்டோக் ரெப் மாதத்தில் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடும் பண்டம். பாடசாலைக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாடு அல்ல. கடை நடத்தும் சகோதரர்களே, உங்கள் விலைப்பட்டியலில் மீன் ரெப் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.