கணக்கில் விழாத வாசகர்
தொடர் – 9

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களைச் சுற்றி இயங்கும் செய்தித்தளங்களிடம், விளம்பரம் கொடுக்க வருகிற கடைக்காரர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்க்கிறாங்க?" அதற்குப் பதிலாகச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எண்ணிக் கொடுத்தது. அந்த எண்ணில் விழாமல் போகிறவர்கள் யார் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஜாவாஸ்கிரிப்ட் மூலம் எண்ணுவது பல படிகளைத் தாண்டும் வேலை. முதலில் பக்கம் வரவேண்டும். பிறகு எண்ணும் நிரல் தனியாக இறங்கி, போனில் ஓடி, சேர்வருக்குத் தகவல் அனுப்பவேண்டும். சாகாமம் குளத்துப் பக்கம் வயலுக்குப் போன ஒருவர், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று பழைய போனில் ஒரு ஜனாஸா அறிவித்தலைத் திறக்கிறார் என்று வையுங்கள். எழுத்து வந்துவிடுகிறது. பெயரையும் நல்லடக்க நேரத்தையும் வாசித்துவிட்டு மூடிவிடுகிறார். நிரல் அப்போதும் இறங்கி முடியவில்லை. அவர் வாசித்தது உண்மை. ஆனால் தளத்தின் கணக்கில் அவர் வரவே இல்லை.

இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவைப்படாத பழைய வழி ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு படத்தை வைப்பது. அகலம் ஒரு பிக்சல், உயரம் ஒரு பிக்சல், நிறமே இல்லாத ஜிஃப் படம். கண்ணுக்குத் தெரியாது. வழக்கமாகப் பயன்படும் அத்தகைய படத்தின் அளவு 43 பைட். 'சாகாமம்' என்ற பெயரை யுனிகோட் தமிழில் சேமிக்க 21 பைட் வேண்டும். அந்தப் பெயரை இரண்டு தடவை எழுதும் அளவுதான் முழுப் படமும்.

பிரவுசர் பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் படத்தைக் கொடு என்று சேர்வரைக் கேட்கும். கேட்டவுடன் சேர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழும்: கேட்ட நேரம், ஐபி முகவரி, எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, எந்த வகை பிரவுசர். அந்த வரிகளை எண்ணினால் வருகை தெரியும். போனில் எந்த நிரலும் ஓடத் தேவையில்லை. ஒரே படத்தைப் பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை கேட்காது. அதனால் 'சேமிக்காதே' என்ற கட்டளையையும் படத்தோடு சேர்த்து அனுப்பவேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் எத்தனை வருகைகள் விடுபடுகின்றன என்பதைப் பிரித்தானிய அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் அளந்து பார்த்தது. அரசுத் தளத்தின் முகப்பில் மூன்று படங்களை வைத்தார்கள். ஒன்று எல்லோருக்கும் வரும். இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டும் வரும். மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைத்தவர்களுக்கு மட்டும் வரும். 1.1 சதவீத வருகைகளில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதில் நிறுத்தி வைத்தவர்கள், அந்த வசதியே இல்லாதவர்கள் எல்லாம் சேர்ந்தும் 0.2 சதவீதந்தான். மீதி 0.9 சதவீதத்தினரின் பிரவுசரில் வசதி இருந்தது, நிரல்தான் ஓடவில்லை. அது பிரித்தானியாவின் கணக்கு. நமது பகுதியின் அளவை நாமே அளந்துதான் அறியவேண்டும். ஆனால் விடுபடுகிறவர்களில் பெரும்பாலோர் தாமாக எதையும் நிறுத்தி வைத்தவர்கள் அல்லர் என்ற பாடம் நமக்கும் பொருந்தக்கூடும். சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவரும் பழைய போன் வைத்திருப்பவரும் கணக்கில் வராவிட்டால், தளத்தை வடிவமைக்கிறவர் புதிய போன்காரரை மட்டுமே நினைத்து வேலை செய்வார். பக்கம் இன்னும் கனக்கும். விடுபடுகிறவர் இன்னும் கூடுவார்.

இந்த ஒரு பிக்சல் படத்துக்கும் குறை உண்டு. டேட்டா மிச்சம் பிடிக்கப் படங்களை நிறுத்தி வைத்தவர் இதிலும் விழமாட்டார். மொபைல் நிறுவனங்கள் பல போன்களுக்குப் பொதுவாக ஒரே ஐபி முகவரியைக் கொடுப்பதுண்டு. ஆகவே வருகையை எண்ணலாமே தவிர, தலையை எண்ண முடியாது. கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் படம் நமது சேர்வரிலிருந்து வராமல் விளம்பர நிறுவனத்தின் சேர்வரிலிருந்து வந்து, கூடவே ஒரு குக்கியும் (பிரவுசரில் சேமிக்கப்படும் அடையாளக் குறிப்பு) ஒட்டிக்கொண்டால், அந்த நிறுவனத்தின் படம் உள்ள மற்றத் தளங்களிலும் அதே நபரைப் பின்தொடர முடியும். மின்னஞ்சலில் வைத்தால் அவர் எப்போது திறந்தார் என்பதும் தெரியும். ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சேர்வர் வழியாகக் கொண்டுவருவதும், ஆப்பிள் 2021இல் மின்னஞ்சல் படங்களை முன்கூட்டியே தானே இறக்கிவைக்கும் வசதியைக் கொடுத்ததும் இந்த வேவு வேலையை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு தேடுதலையும் விசாரணையையும் பார்த்த கரை இது. யார் எதை வாசித்தார் என்ற குறிப்பு இங்கே சின்ன விஷயம் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் வந்துவிட்டது.

ஆகவே தளம் நடத்தும் தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படத்தை உங்கள் சேர்வரிலேயே வையுங்கள். குக்கி வேண்டாம். ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பதியுங்கள். நாளாந்தக் கூட்டுத்தொகையை எடுத்ததும் வரிகளை அழித்துவிடுங்கள். எண்ணுகிறோம், எப்படி எண்ணுகிறோம் என்று பக்கத்தின் அடியில் தமிழில் எழுதி வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. வந்தவர் யார் என்று அறியும் உரிமை அதோடு சேர்ந்து வராது.

அடுத்த வாரம்: மனிதர் போலத் தளத்துக்கு வந்து போகும் ரோபோக்களைக் கணக்கிலிருந்து பிரிப்பது எப்படி?

(தொடரும்)