எந்தத் திரை நம் வீட்டிற்கு?

வீட்டில் புதிய தொலைக்காட்சி வாங்கப் போகிறார்கள். கடையில் எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என இரு பெயர்கள். எழுத்தில் சிறு வேறுபாடு. விலையிலோ பெரு வேறுபாடு. உங்கள் தந்தையார் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்.இ.டி. என்று விற்கப்படுவது பெரும்பாலும் திரவப் படிகத் திரையே. எல்.இ.டி. என்பது அதற்கு ஒளி தரும் விளக்கு மட்டுமே. விளக்கிற்கு முன்னால் இரண்டு தளவிளைவுத் தகடுகள். நடுவே திரவப் படிகம். படிகமாகவும் திரவமாகவும் நடந்துகொள்ளும் இவ்வகைப் பொருளை 1888-இல் கண்டவர் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர். மின்னழுத்தத்திற்கேற்ப இது ஒளியின் அதிர்வுத் தளத்தை மாற்றுகிறது. அதனால் வெளிவரும் ஒளி கூடுகிறது அல்லது குறைகிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் ஒளி தடுக்கப்பட்டாலும் சிறிது கசியும். ஆகவே இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

ஓ.எல்.இ.டி. திரைக்குப் பின்விளக்கே இல்லை. கரிமச் சேர்மங்களாலான ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அணைந்தால் முழுக் கறுப்பு! ஆனால் ஒளிர ஒளிர அச்சேர்மங்கள் தேய்கின்றன. செய்தி அலைவரிசையின் சின்னம் நாள்தோறும் ஒரே இடத்தில் நெடுநேரம் ஒளிர்ந்தால், அதன் தழும்பு திரையில் நிலைத்துவிடலாம்.

எனவே வெளிச்சமான கூடத்தில் நாள் முழுதும் செய்தி ஓடும் வீட்டிற்குத் திரவப் படிகத் திரையே போதும். விளக்கணைத்துத் திரைப்படம் பார்ப்போருக்கு ஓ.எல்.இ.டி. ஏற்றது.

கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தில் கறுப்பின் வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆகவே வீட்டில் எப்போது, எவ்வளவு வெளிச்சத்தில் பார்ப்பீர்கள் என்று கணக்கிட்ட பிறகே கடைக்குப் புறப்படுங்கள்.