பழைய பிக்கப்புக்கு சிந்தெடிக் ஆயில்... ஊத்தலாமா, வேண்டாமா?

கருமந்துறையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் பிக்கப் வண்டிக்கு ஒரு கெடு உண்டு. தோண்டி எடுத்த கிழங்கு இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிக் கெட ஆரம்பித்துவிடும். ஜவ்வரிசி ஆலைகளிலோ மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். வழியில் வண்டி நின்றால் வாடகையோடு லோடின் விலையும் போகும். தலைவாசல் மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிப்பவர்களுக்கும் இதே கதைதான். நேரம் தவறி வந்த தக்காளியை யார் சீந்துவார்கள்?

ஆத்தூர் வட்டாரத்தில் இந்த வேலை செய்யும் வண்டிகளில் பல, செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. வாங்கிய கையோடு பலருக்கும் வரும் யோசனை, ‘இனிமேல் நல்ல ஆயிலா, சிந்தெடிக்கா ஊத்திடலாம்’ என்பது. பட்டறையில் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ‘ஊத்துங்க, இன்ஜின் பஞ்சு மாதிரி ஓடும்’ என்பது ஒன்று. ‘பழைய இன்ஜினுக்கு ஊத்தினா எல்லா பக்கமும் லீக் ஆயிடும்’ என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய மிகையும் உண்டு.

சிந்தெடிக் என்றதும் ஏதோ லேபில் புதிதாகப் பிறந்த திரவம் என்ற எண்ணம் வருகிறது. அப்படியும் உண்டு. ஆனால், கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்துச் செய்வதும் இன்று அதே பெயரில்தான் விற்பனையாகிறது. ‘இதை சிந்தெடிக் என்று சொல்லலாமா?’ என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகள் மோதிக்கொண்டன. 1999-ல் ‘சொல்லலாம்’ என்று அங்குள்ள விளம்பர ஒழுங்கு அமைப்பு முடிவு சொன்னது. எப்படிச் செய்தாலும் பலன் ஏறக்குறைய இதுதான்: அதிகச் சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவது குறைவு, கடுங்குளிரிலும் உறையாமல் ஓடும்.

கடைசிப் பலனுக்கு ஆத்தூரில் வேலையே இல்லை. டப்பாவில் ‘15டபிள்யூ-40’ என்று இருந்தால், அதில் டபிள்யூ என்பது ‘விண்டர்’. 15 என்ற எண் மைனஸ் 20 டிகிரியில் நடக்கும் சோதனையைக் குறிப்பது. 5 என்றால் மைனஸ் 30. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், முன்னால் இருக்கும் எண்ணுக்காகக் காசு கொடுப்பது கம்பளி வாங்குவது போல.

கவனிக்க வேண்டியது பின்னால் இருக்கும் எண். இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. கையேட்டில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும் வண்டிக்கு, ‘சிந்தெடிக் ஆச்சே’ என்று 5டபிள்யூ-30 வாங்கி ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. தேய்ந்த ரிங் வழியாக அது எளிதாக மேலேறி எரிந்துபோகும். அப்புறம் ‘சிந்தெடிக் ஊத்தினேன், வண்டி ஆயில் குடிக்குது’ என்ற புலம்பல். கெட்டித்தன்மையைத்தான் அங்கே மாற்றியிருக்கிறார்கள். பழி மட்டும் சிந்தெடிக் மேல்.

லீக் பயத்துக்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 1970-களில் சந்தைக்கு வந்த சிந்தெடிக் ஆயில்கள் சில, அன்றைய ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகவில்லை. இன்றைய ஆயில்களில் சீலைப் பதமாக வைத்திருக்கும் பொருளையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். ஆனால், ஏற்கெனவே வெடித்துப்போன சீலைக் கசடுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால், புது ஆயில் அந்தக் கசடைக் கரைக்கும்போது கசிவு வெளியே தெரியும். ஓட்டை அதற்கு முன்பே இருந்ததுதான்.

ஆகவே, செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர் முதலில் ஆயில் கடைக்குப் போக வேண்டாம். இன்ஜினைச் சூடேற்றி, ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கட்டும். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. மூச்சிரைப்பது போல விட்டு விட்டுப் புகை தள்ளினால், ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில், டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறினால் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. இந்த நான்கில் எது இருந்தாலும் சிந்தெடிக்குக்கு வைத்திருக்கும் காசை இன்ஜின் வேலைக்கு எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம். எந்த ஆயிலும் தேய்ந்த இரும்பை வளர்க்காது.

ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் பதற வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில் கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிடும். கரியை அடியில் தங்கவிடாமல் தன்னோடு சுமப்பதுதான் அதன் வேலை.

இன்ஜின் நன்றாக இருக்கிறதா? அடுத்த கேள்வி, டர்போ உண்டா? ‘குட்டி யானை’ என்று ஊரே கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், டர்போ கிடையாது. அந்த மாதிரி எளிய இன்ஜினுக்குச் சரியான தரத்தில், நேரத்துக்கு மாற்றப்படும் சாதாரண மினரல் ஆயிலே போதும். டர்போ வைத்த பிக்கப் கதை வேறு. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது; அதன் அச்சைக் காப்பதும் இதே இன்ஜின் ஆயில்தான். முழு லோடோடு மலை ஏறி வந்து சட்டென்று ஆஃப் செய்தால், அங்கே தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசு உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இது. ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தும் பழக்கமோ காசே இல்லாமல் அதே நன்மையைத் தரும்.

மாற்றுவதில் பெரிய சடங்கு இல்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போதே பழையதை முழுக்க வடிக்க வேண்டும். டிரெயின் நட்டுக்குப் புது வாஷர், கூடவே புது ஃபில்டர். சில இடங்களில் சம்ப்பில் டீசலை ஊற்றி ஓடவிட்டு ‘கழுவி’ எடுப்பார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. மூலை முடுக்கில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அவசரத்துக்கு மினரல் ஆயிலை மேலே ஊற்றினால் திரிந்துபோகும் என்ற பயமும் தேவையில்லை, இரண்டும் கலக்கும்.

தரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டீசலுக்கான ஏ.பி.ஐ. குறியீடு ‘சி’யில் தொடங்கும்: சி.எச்-4, சி.ஐ-4 பிளஸ், சி.கே-4 என்று. ஏப்ரல் 2020-லிருந்து கட்டாயமான பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருந்தால், கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். தவறானதை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

சிந்தெடிக் ஊற்றியவர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று. ‘இது டபுள் கிலோமீட்டர் தாங்கும்’ என்று மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். சிந்தெடிக் என்பதற்காகக் கரி சேர்வது நிற்காது, புழுதியும் நிற்காது. முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்று தெரியாத வண்டிக்கு, முதல் முறை கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடலாம். ஊறிய கசடெல்லாம் அந்த முதல் ஆயிலோடு வெளியேறும். அதற்கு விலை உயர்ந்த ஆயிலும் தேவையில்லை. மினரலையே ஊற்றிக் கழித்துவிட்டு, அடுத்த முறை சிந்தெடிக்குக்குப் போகலாம். இடைப்பட்ட நாளில் வாரம் ஒரு தடவை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தால், வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்ற கணக்கும் கையில் இருக்கும்.

புது ஆயில் ஊற்றி முடித்ததும் காலி டப்பாவில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அந்த டப்பாதான் மூலதனம். வடித்த பழைய ஆயிலை சென்ட்ரிங் பலகைக்கும், கரையான் வராமல் மரத்துக்கும் பூசுவது ஊர் வழக்கம். மீதி சாக்கடைக்குப் போகும். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. வடித்து, திரும்பச் சுத்திகரித்து மறுபடியும் ஆயிலாக்கலாம் என்பதால் பழைய ஆயில் சேகரிப்பவர்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்கள். கேனில் சேர்த்து வைத்து பட்டறையில் கொடுத்தால், ஃபில்டர் செலவில் கொஞ்சமாவது திரும்ப வரும்.