இரண்டு மணி நேரத்தில் இருபது வரிசை

காலை ஏழே முக்காலுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாயிற்று. டப்பாவில் கொண்டுபோன நான்கு இட்லியை லேப் வாசல் பெஞ்சிலேயே சாப்பிட்டாயிற்று. அடுத்த ரத்தம் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். குன்னூர்க் குளிரில் கை சும்மா இருந்தால் விறைத்துப் போகும். பையிலிருந்து உல்லனையும் ஊசிகளையும் எடுத்தேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே நூல்தான் போகுது. எப்படிம்மா துணி ஆகுது?" என்றார். அவர் சட்டைக் காலருக்குள் தெரிந்த பனியனைக் காட்டி, "அதுவும் இதேதாங்கய்யா" என்றேன். நம்பவில்லை.

நீங்களும் ஒரு பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நெடுக வரிகள் இருக்கும். உள்பக்கம் குறுக்காகச் சின்னச் சின்ன மேடுகள். தறித்துணியில் பாவு, ஊடை என்று இரண்டு வகை நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பின்னலில் நூலை வளைத்து ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அவ்வளவுதான். வளைந்து கிடக்கிற நூல் நிமிர இடம் இருப்பதால் இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-இல் கண்ணி போடும் முதல் எந்திரத்தைச் செய்தார். திருப்பூரில் இன்று ஓடுகிற மெஷின்கள் போடுவதும் அதே கண்ணிதான்.

கையால் பின்னக் கற்க வேண்டியது நிட், பர்ல் என்ற இரண்டே கண்ணிகள். நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போட்டால் நிட். முன்னால் வைத்துப் போட்டால் பர்ல். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும். ஒன்று மாற்றி ஒன்று போட்டால் மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்கும் பட்டை வரும்.

ஊசி வாங்கும்போது ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்னும் போகவில்லை. எட்டாம் நம்பர் 4 மி.மீ., பத்தாம் நம்பர் 3.25 மி.மீ. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பெரிய நம்பர் பெரிய ஊசி என்று நினைத்து வாங்கியவர்கள் வீட்டில் பொம்மைக்குத்தான் ஸ்வெட்டர் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய தப்பு, மாதிரித் துண்டு பின்னாமல் ஆரம்பிப்பது. பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணி வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதுகுப்பக்கம் 50 செ.மீ. அகலம் என்றால் 110 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 20 கண்ணிக்கே பத்து சென்டிமீட்டர் வந்துவிடுகிறது என்றால் அதே 110 கண்ணி 55 செ.மீ. ஆகிவிடும். முன்னும் பின்னும் சேர்த்தால் பத்து சென்டிமீட்டர் கூடுதல். அண்ணனுக்குப் பின்னியதை அண்ணியும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்.

நான் லேபுக்கு வந்ததும் இந்தப் பின்னலால்தான். இரண்டு மாதமாக ராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வரும். உதறினால் சரியாகும். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "எந்தெந்த விரல்?"

"கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல்."

"சுண்டு விரல்?"

"அது நல்லா இருக்கு டாக்டர்."

அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடுமாம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநார்களோடு ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகிறது. வழி வீங்கினால் நரம்பு நசுங்கும். சுண்டு விரலின் நரம்பு வேறு வழியாகப் போவதால் அது தப்பிக்கிறது. கார்ப்பல் டனல் என்பது இதுதான். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார். பின்னுவதை நிறுத்தச் சொல்லவில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். கூடவே, சர்க்கரை நோய், தைராய்டு குறைவு இரண்டிலும் இந்தத் தொந்தரவு அதிகம் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார்.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. காபியும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பிறகு எடுக்கும் சோதனைக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். அரை இட்லியோடு எழுந்து நல்ல நம்பர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரை ஏமாற்றுகிறார்களோ!

ஏமாற்ற முடியாத சோதனை ஒன்று இருக்கிறது, எச்பிஏ1சி. ரத்தத்தில் உள்ள சர்க்கரை சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு சுமார் 120 நாள் வாழும். சாகும்வரை ஒட்டியது போகாது. அதனால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அப்படியே தெரிந்துவிடும். இதற்கு வெறும் வயிறுகூட வேண்டாம். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.4 வரை எச்சரிக்கை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த நம்பர் கொஞ்சம் பிசகலாம், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னலும் இப்படித்தான். முடித்த ஸ்வெட்டரை விரித்தால், எந்த வாரம் கோபத்தில் நூலை இறுக்கினேன் என்று வரிசை வரிசையாகத் தெரியும்.

எனக்கு 6.1 வந்தது. காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். ஞாயிறுதோறும் வீட்டில் பிரெட் சுடுகிறேன்.

மூன்று கப் மைதா, ஒரு ஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான பால். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகிற மாவு, இங்கே டிசம்பரில் மூன்று மணி நேரம் எடுக்கும். இட்லி மாவு புளிக்காத ஊரில் ஈஸ்ட் மட்டும் எப்படி எழும்? பழைய ஸ்வெட்டரால் பாத்திரத்தைச் சுற்றி வைப்பேன். ஸ்வெட்டர் சூடு தருவதில்லை. கண்ணிகளுக்குள் அடைபட்ட காற்று, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுவதில்லை. கேக்குக்கு வேறு சங்கடம். கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பேக்கிங் பவுடரின் வாயு அளவுக்கு மீறி விரிந்து, கேக் ஜோராக எழும்பி நடுவில் குழியாகிவிடும். கால் பங்கு பேக்கிங் பவுடரைக் குறைத்தால் போதும்.

இப்போது பாதி மைதா, பாதி கோதுமை மாவு. தவிடு, மாவின் இழுவையை அறுத்துவிடுவதால் பிரெட் கொஞ்சம் கனமாகத்தான் வருகிறது. கோதுமை என்பதற்காக நாலு துண்டு சாப்பிட்டால் பழைய கதைதான். ஒரு துண்டோடு நிறுத்துகிறேன். மீதி எதிர்வீட்டுக்குப் போகிறது.

அன்று லேபில் என் பெயரைக் கூப்பிட்டபோது இருபதாவது வரிசையில், 63-ஆவது கண்ணியில் இருந்தேன். ஏழு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. வரிசையின் நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கண்ணி தளர்ந்துவிடும் என்று தெரியும். "முடிச்சிட்டு வரவா?" என்றேன். "மணி ஆயிடுச்சும்மா" என்றது அந்தப் பெண். ஊசியை அப்படியே பையில் செருகிக்கொண்டு போனேன். ஸ்வெட்டரின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தளர்ந்த அந்த ஒரு கண்ணி இன்னும் இருக்கிறது.